சுவரில் ஒரு சட்டைத் துண்டு

ஆட்டர் கிரீக்
6 மே 1984

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு,

அக்கா சைமா எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இடது முட்டி மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. நீயும் உன் வீட்டுக்காரி கொரீனும் சுகமா என்று எழுது. போனில் பேசினால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. விடுப்பு கிடைக்கவில்லை என்று நீ சாவுக்கு வரவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கேட்டால் சண்டை வரும்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மகன் வில்ஹோ அண்ணன் வந்தார். இரண்டு கப் காபி குடித்தார், ஏலக்காய் ரொட்டியில் பாதியைக் காலி செய்தார், அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"சைமா, சித்தப்பாவோட வேட்டைப் பரண், அந்த மரத்து மேல இருக்கறது, இந்த வருஷம் காலியாத்தான கெடக்கும்? நான் எடுத்துக்கறேன்."

"காலியா கெடக்கும்னு யாரு சொன்னா?"

"ரெய்னோ இந்தப் பக்கம் எட்டிப் பாத்து நாலு வருஷம் ஆச்சு. பின்ன யாரு ஏறப்போறா? நீயா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை எனக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஆமா, நான்தான்."

மனுஷன் சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடியும் சிரித்தார். "கேம்ப்ல பொம்பளைங்க வேட்டையாடுறது வழக்கமில்ல" என்றார். அவர் போனதும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் காட்டில் இருக்கும் நம் வேட்டைக் குடிசைக்கு, அந்தக் கேம்புக்குப் போனேன். அப்பாவும் பெரியப்பாவும் அதைக் கட்டியபோது கதவுக்கு மேலே தச்சன் பென்சிலால் எழுதிய மூன்று விதி உனக்கு ஞாபகம் இருக்கும். செப்டம்பர் தொழிலாளர் தினத்தன்று இருபது தப்படி தள்ளி நின்று தகரத் தட்டில் மூன்று அம்பையும் அடித்தவரே பரண் ஏறலாம். வேட்டை சீசன் தொடங்கும் விடியலில் குடும்பத்தில் யாரும் ஏறாத பரண் கேட்டவருக்குப் போகும். மானைக் குறி வைத்துத் தவறவிட்டவரின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டி, பேர் எழுதிச் சுவரில் அடிக்க வேண்டும். மூன்றையும் நாலு தடவை படித்தேன். எதிலும் ஆண் என்ற சொல்லே இல்லை.

நீ வந்து ஏறினால் நான் வழிவிடுகிறேன். நீ அப்பாவின் பிள்ளை. வரமாட்டாய் என்றால் சீசன் தொடங்கும் அக்டோபர் ஒன்றாம் தேதி நான் அந்த ஹெம்லாக் மரத்தில் இருப்பேன். இன்னொரு விஷயம், இந்த வருஷம் கேம்புக்கு ஆப்பிள் பை கிடையாது. இருபத்தாறு வருஷமாக நான் சுட்டு அனுப்பிய பையைத் தின்றுவிட்டு, பை சுட்ட அந்தத் தகரத் தட்டையே குறியாக வைத்து அம்பால் அடித்து, ஓட்டையோடு திருப்பி அனுப்புகிறார்கள். போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அக்கா
சைமா

*

டெட்ராய்ட்
27 மே 1984

அன்புள்ள அக்காவுக்கு,

ரெய்னோ எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். உன் முட்டிக்கு மாத்திரை ஒழுங்காகப் போடு. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து ஆடுகிறது, பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துக் கொரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு ஐம்பத்தொரு வயது. அந்தப் பரண் பதினெட்டு அடி உயரம். அப்பாவின் வில் நாற்பத்தைந்து பவுண்டு இழுவை. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் சூப் கிண்டுகிற கைக்கு அது சரிப்படாது.

இந்த வருஷமும் என்னால் வர முடியாது. வேலை அதிகம். பரணை வில்ஹோ அண்ணனுக்கே விட்டுவிடு. ஒரு மரத்துக்காக ஊரில் பகை எதற்கு?

அன்புடன்
தம்பி ரெய்னோ

*

ஆட்டர் கிரீக்
3 ஜூன் 1984

தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். கோபத்தில் ரத்தம் நன்றாக ஓடுகிறது போலும். உன் எழுத்து பஸ்ஸில் எழுதியதா, கோழி கிண்டியதா? இரண்டு வரியைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. கொரீனையாவது எழுதச் சொல்.

சூப் கிண்டுகிற கையாம். முந்நூறு பிள்ளைகளுக்கான சூப் அண்டாவை அடுப்பிலிருந்து தூக்கி இறக்குகிற கை இது. நீ ஒரு நாள் வந்து தூக்கிப் பார், அப்புறம் பேசு.

நீராவிக் குளியல் போடும் சவுனா அறைக்குப் பின்னால் வைக்கோல் கட்டு அடுக்கி, அதில் ஒரு தகரத் தட்டை மாட்டியிருக்கிறேன். முதல் வாரம் வில்லைப் பாதிதான் இழுக்க முடிந்தது. இரண்டாம் வாரம் முழுசாக இழுத்தேன், அம்பு சவுனாக் கதவில் போய்க் குத்தியது. நேற்று இருபது அம்பு விட்டேன், மூன்று தட்டில் பட்டது. இரண்டு அம்பை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். நம் வீட்டில் உன்னை விட அழகாக நாண் இழுத்தவர் யாரும் இல்லை, அப்பாவே சொல்லுவார். உன் வலது கை விரல்களை எப்படி வைப்பாய்? எந்த விரல் அம்புக்கு மேலே, எது கீழே? நாணை விடும்போது எந்த விரல் கடைசியாக விலகும்? எனக்கு ஆள்காட்டி விரலில் கொப்புளம் வந்து உடைந்துவிட்டது. உன் விரலில் ஒரு நாளும் கொப்புளம் பார்த்ததில்லை. விவரமாக எழுது.

கொரீனுக்கு என் அன்பு.

அக்கா

*

ஆட்டர் கிரீக்
8 ஜூலை 1984

தம்பிக்கு,

நலமா? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் ஒரு வரி எழுது. கோபம் என்றால் அதையும் ஒரு வரி எழுது.

விரலுக்குத் தோல் உறை தைத்துக்கொண்டேன். கொப்புளம் காய்ந்துவிட்டது. இருபதில் பதினொன்று தட்டில் விழுகிறது.

போன வாரம் பரண் ஏறினேன். நாலு பலகை உளுத்திருந்தது, மாற்றினேன். சதுப்பிலிருந்து மான் வரும் தடத்தைப் பார்த்துக் குறுக்கே நின்ற கிளைகளை இப்போதே கழித்துவிட்டேன். செப்டம்பரில் வெட்டினால் மானுக்குச் சந்தேகம் வந்துவிடும் அல்லவா? கீழே பாசியில் குளம்புத் தடம் என் உள்ளங்கை அகலத்துக்குப் பதிந்திருக்கிறது. பெரிய கலைமான்தான். காற்று அங்கே காலையில் வடமேற்கிலிருந்து வருகிறது, என் வாடை அதற்குப் போகாது.

மேலே உட்கார்ந்திருந்தபோது அப்பா நாற்பது வருஷமாக நம்மிடம் சொல்லாமல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது. அவர் மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அத்தனை வருஷமும் நான் கீழே அடுப்படியில் இருந்தேன்.

விரலைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் எழுது.

அக்கா

*

டெட்ராய்ட்
29 ஜூலை 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ பத்திரமாக இரு, பரண் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்.

நீ கேட்டது. ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே. நடுவிரலும் மோதிர விரலும் கீழே. நாண் முதல் மூட்டில் உட்கார வேண்டும், நுனியில் அல்ல. சுண்டு விரலும் கட்டை விரலும் சும்மா மடங்கி இருக்கும், அவற்றுக்கு வேலை இல்லை. உதட்டோரம் வரை இழுத்து நிறுத்து. எந்த விரல் கடைசியில் விலகும் என்று கேட்டாய். மூன்றும் ஒன்றாக விலக வேண்டும். ஒன்றாகப் போய்விட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வில்ஹோ அண்ணன் ஜூன் மாதம் எனக்குக் கடிதம் போட்டார். பரணை எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா சும்மா சொல்கிறாள் என்று நானும் பதில் போட்டுவிட்டேன். உன் நல்லதுக்குத்தான். கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

*

ஆட்டர் கிரீக்
5 ஆகஸ்ட் 1984

ரெய்னோவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

வில்ஹோ அண்ணன் உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறார். அஞ்சலகத்தில் என்னிடமே காட்டினார். "பாரு, உன் தம்பியே சொல்லிட்டான், நீ சும்மா சொல்றேன்னு." பத்துப் பேர் முன்னால் சொன்னார். நான் சும்மா சொல்கிறேனா?

அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க வராதவன், அவர் உட்கார்ந்த பலகையைத் தூக்கி யாருக்கோ கொடுக்கிறான். உனக்கு அது வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கு வேண்டும். எனக்கு வேண்டும் என்று இந்த வீட்டில் நான் சொன்ன முதல் பொருள் அது.

இனி உன் கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன்.

சைமா

*

ஆட்டர் கிரீக்
4 செப்டம்பர் 1984

ரெய்னோவுக்கு,

நீ எழுதினால் பிரிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். நான் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. கொரீனின் இருமல் எப்படி இருக்கிறது?

நேற்று தொழிலாளர் தினம். வழக்கம்போலப் பெண்கள் சாப்பாட்டை இறக்கிவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள். நான் ஒரு கோணிப் பையும் அப்பாவின் வில்லுமாக வண்டியிலிருந்து இறங்கினேன்.

"சைமா, ஆப்பிள் பை எங்க?" என்றார் வில்ஹோ அண்ணன். மற்ற ஆறு ஆண்களும் என் கையைத்தான் பார்த்தார்கள்.

"பை இல்ல. தட்டு மட்டும்தான் கொண்டாந்திருக்கேன்."

"வெறும் தட்ட வச்சு என்ன பண்றது?"

"வழக்கமா என்ன பண்ணுவீங்களோ அதத்தான்."

அவர் முதலில் நின்றார். அவரிடம் இருப்பது சக்கரம் வைத்த புது மாதிரி வில், குறி பார்க்க அதில் ஊசி எல்லாம் உண்டு. மூன்றையும் தட்டில் விட்டார், குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவராக விட்டு முடித்ததும் நான் போய்க் கோட்டில் நின்றேன்.

முதல் அம்பு தட்டின் கீழ்ப்பாதியில். இரண்டாவது நட்டநடுவில். மூன்றாவதை உதட்டோரம் வரை இழுத்து நிறுத்தியபோது வில்ஹோ அண்ணனுக்குத் தொண்டையில் ஏதோ வந்துவிட்டது. செருமினார், செருமினார், செருமிக்கொண்டே இருந்தார். நான் நாணை மெதுவாகத் தளர்த்திவிட்டுத் திரும்பினேன்.

"தண்ணி வேணுமாண்ணே? குடிச்சிட்டு வாங்க, நான் நிக்கறேன்."

அவர் மனைவி ஹில்யா நிஜமாகவே ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். நான் மறுபடி இழுத்து விட்டேன். அம்பு தட்டின் விளிம்பைப் பிளந்துகொண்டு போய் வைக்கோலில் நின்றது.

"விளிம்பு செல்லாது" என்றார் அவர், டம்ளரைக் கீழே வைக்காமலே.

இதைத்தான் எதிர்பார்த்தேன். கோணிப் பையை அவிழ்த்து ஒரு பழைய தட்டை எடுத்து நீட்டினேன். "எழுபத்தொண்ணுல நீங்க விட்டது. மூணாவது ஓட்ட எங்க இருக்குன்னு பாருங்கண்ணே. விளிம்புல. நீங்களே பேரும் தேதியும் எழுதி எனக்கு அனுப்புனீங்க. இருபத்தாறு வருஷத்துத் தட்டும் இந்தக் கோணியில இருக்கு. இன்னும் எடுக்கட்டுமா?"

ஹில்யா அந்தத் தட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாகப் புருஷனைப் பார்த்தாள். "செல்லும்ங்க" என்றாள். ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"தட்டு ஓடாது சைமா. மான் ஓடும்" என்றார். "ஒண்ணாந்தேதி விடியும்போது நீ அந்தப் பரண்ல இல்லேன்னா, நான் இருப்பேன்."

அப்பாவின் கம்பளிக் கோட்டைச் சோடா உப்பில் அலசித் தேவதாருக் கிளையில் தொங்கவிட்டிருக்கிறேன். மனுஷ வாடை ஏறக் கூடாது என்று அதை இனிச் சீசன் வரை தொடப்போவதில்லை. காபியைக்கூட அந்தப் பக்கக் கதவை மூடிவிட்டுத்தான் போடுகிறேன். நீ இதையெல்லாம் படிக்க வேண்டும் என்று எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

சைமா

*

டெட்ராய்ட்
16 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய். கொரீனுக்கு இருமல் நின்றுவிட்டது. இதை நீ பிரிக்கப்போவதில்லை என்று தெரியும். அதனால்தான் எழுத முடிகிறது.

ஜனவரி பதினொன்றாம் தேதி தகடு அழுத்தும் இயந்திரத்தில் என் வலது கை மாட்டிக்கொண்டது. தப்பு என்னுடையது, அவசரப்பட்டுக் கையை விட்டேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போய்விட்டன. மூன்றும் ஒன்றாக. நீ கேட்ட அதே மூன்று. கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன. இடது கையால் எழுதுகிறேன், அதுதான் கோழி கிண்டியது போல இருக்கிறது. பஸ் எல்லாம் பொய்.

அப்போது அப்பா படுக்கையில் இருந்தார். அவருக்குத் தெரியக் கூடாது என்று கொரீனிடம் சத்தியம் வாங்கினேன். அவர் போனபோது என் கையில் தலையணை அளவுக்குக் கட்டு. வந்தால் பெட்டியைத் தூக்கக் கூப்பிடுவார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். வரவில்லை. வராததை நினைக்காத நாள் இல்லை.

உன் ஜூன் மாதக் கடிதம் எட்டு வாரம் என் சட்டைப் பையில் இருந்தது. விரலைப் பற்றி எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

பரணை ஏன் வில்ஹோ அண்ணனுக்குக் கொடுத்தேன் என்றால், உன் நல்லதுக்கு இல்லை. நான் இனி ஏற முடியாத இடத்தில் நீ ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான். இதைவிட நல்ல காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள்.

தட்டுக் கதையைக் கொரீன் சத்தம் போட்டு வாசித்தாள். கேட்டுக்கொண்டே இடது கையைத் தூக்கி வில் பிடிப்பதுபோல் நின்றுவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஒரு முக்கியமான விஷயம். நீ கோடை முழுவதும் மெல்லிய சட்டையில் பயிற்சி செய்திருப்பாய். அப்பாவின் கோட்டுக் கை தொளதொளவென்று இருக்கும். நாண் விடுபடும்போது இடது கைத் துணியில் தட்டினால் அம்பு விலகிப் போய்விடும். வாடையைப் பற்றிக் கவலைப்படாதே. அந்தக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பத்து அம்பாவது விட்டுப் பார். கோட்டின் இடது கையை முழங்கை வரை கயிறு சுற்றிக் கட்டு. தயவுசெய்து இதைப் பிரித்துப் படி.

தம்பி
ரெய்னோ

*

ஆட்டர் கிரீக்
1 அக்டோபர் 1984

என் தம்பி ரெய்னோவுக்கு,

எனக்குச் சுகம்தான். நீ எப்படி இருக்கிறாய்? கையில் வலி இருக்கிறதா? இந்தக் கேள்வியை ஜனவரியில் கேட்டிருக்க வேண்டும்.

உன் கடிதம் இருபதாம் தேதியே வந்தது. சொன்னபடி பிரிக்காமல் கரண்டி வைக்கும் இழுப்பறையில் போட்டுவிட்டேன். இன்று மாலைதான் பிரித்தேன். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்னே ஏறிவிட்டேன். வெளிச்சம் வந்தபோது கீழே வில்ஹோ அண்ணன் வில்லோடு நின்று அண்ணாந்து பார்த்தார். நான் தொப்பியைத் தூக்கிக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே தன் மரத்துக்குப் போனார். பரண் நம்முடையதாயிற்று.

எட்டு மணிக்கு அது வந்தது. கொம்பில் எட்டு முனை. பதினெட்டு தப்படி தூரத்தில் பக்கவாட்டில் நின்று, தலையைப் புதருக்குள் விட்டுத் தின்றுகொண்டிருந்தது. என் நெஞ்சு அடித்த அடியில் பரணே ஆடியது. நீ சொன்னபடி மூன்று விரல், முதல் மூட்டு, உதட்டோரம். மூன்றும் ஒன்றாக விலகின. விலகிய நிமிஷமே கோட்டுக் கையில் படாரென்று நாண் தட்டியது. அம்பு மானுக்கு ஒரு முழம் முன்னால் போய்ப் பாசியில் குத்தியது. அது அம்பைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, வாலைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாகப் போய்விட்டது. கோடை முழுவதும் உழைத்தவளுக்கு அந்த வாலைத்தான் காட்டியது.

மத்தியானம் எல்லோரும் காபிக்குக் கேம்புக்கு வந்தார்கள். நடந்ததை நானே சொன்னேன். வில்ஹோ அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ரொம்பப் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"பரவால்ல சைமா. ஆசைக்கு ஏறிப் பாத்துட்ட. உக்காந்து காபியக் குடி."

"என் சட்டைய வெட்டுங்க" என்றேன்.

"எதுக்கு? அதெல்லாம் எங்களுக்குள்ள. பொம்பளைக்கு வேணாம், விடு."

"தவற விட்டவங்க சட்டைய வெட்டணும்னு எழுதியிருக்கு. நான் தவற விட்டேன். என் சட்டைய வெட்டலேன்னா நான் இன்னைக்கு வேட்டைக்கே வரலேன்னு அர்த்தம். அந்தப் பரண்ல யாரும் ஏறலேன்னு அர்த்தம். அதுக்குத்தான வழி பாக்கறீங்க?"

அவர் காபியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் கோட்டைக் கழற்றினேன். உள்ளே பச்சைக் கட்டம் போட்ட என் சொந்தச் சட்டை. பின்பக்கத்தை வெளியே இழுத்து, இடுப்புக் கத்தியால் நானே அறுத்தேன். நேராக வரவில்லை. சுவரில் அப்பாவின் துண்டு மூன்று இருக்கிறது, பெரியப்பாவுடையது ஐந்து, வில்ஹோ அண்ணனுடையது ஏழு, நீ பதினாறு வயதில் கொடுத்த நீலத் துண்டு ஒன்று. அதற்குப் பக்கத்தில் வைத்து ஆணி அடித்தேன். தச்சன் பென்சிலை எடுத்து "சைமா, அக்டோபர் 1, 1984" என்று எழுதினேன். சுத்தியலை மேஜையில் வைத்துவிட்டு, இப்போது காபி ஊற்றுங்கள் என்றேன். வில்ஹோ அண்ணன்தான் எழுந்து ஊற்றினார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். முப்பது வருஷமாக என் வீட்டில் காபி குடிக்கிறவருக்கு அது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கையில் நாண் தட்டிய இடத்துக்குத் தைலம் தேடி இழுப்பறையைத் திறந்தேன். உன் கவர் கிடந்தது. வெற்றிக் களிப்பில் பிரித்துவிட்டேன்.

முதலில் கோபம் வந்தது, எட்டு மாதம் மறைத்தாயே என்று. அப்புறம் அழுதேன். உன்னிடம் போய் எந்த விரலை எங்கே வைப்பாய், எது கடைசியாக விலகும் என்று கேட்டேனே, பாவி நான். நீ அதற்கும் ஒழுங்காகப் பதில் எழுதினாய். கடைசியில் கோட்டைப் பற்றி எழுதியதைப் படித்ததும் மறுபடி கோபம் வந்தது, இந்தத் தடவை என் மேல். பத்து நாள் அந்த மான் கரண்டிகளுக்கு நடுவில் கிடந்திருக்கிறது.

பெட்டியைத் தூக்க வராதவன் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பரணைக் கொடுத்தது தப்புதான், அதைத் திரும்ப எடுக்க மாட்டேன். ஆனால் காரணத்தை மறைக்காமல் சொன்னாயே, அது போதும்.

உடனே எழுது. எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நான் படித்துக்கொள்வேன்.

உன் அக்கா
சைமா

*

டெட்ராய்ட்
21 அக்டோபர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

வலி இல்லை. குளிர் அடித்தால் இல்லாத விரல்கள் மட்டும் அரிக்கின்றன. உன் கையில் வீக்கம் வடிந்ததா?

சர்க்கரை எவ்வளவு என்று வில்ஹோ அண்ணன் கேட்டதை நினைத்து நினைத்து மூன்று நாள் சிரித்தேன். வேலைக்குத் திரும்பிவிட்டேன், இப்போது பொருள் கிடங்கில். கொரீன் ஊருக்குப் போய்வரலாம் என்கிறாள். நான் வந்து என்ன செய்வது? வில்லைத் தூக்க இடது கை இருக்கிறது. நாணை இழுக்க விரல் வேண்டும், அக்கா. கேம்பில் உட்கார்ந்து எல்லோருக்கும் காபி ஊற்றவா? அந்த வேலைக்கும் இப்போது வில்ஹோ அண்ணன் வந்துவிட்டார்.

நீ ஏறியது போதும் எனக்கு. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

தம்பி

*

ஆட்டர் கிரீக்
11 நவம்பர் 1984

அன்புத் தம்பிக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. முட்டி பனியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. நீங்கள் இருவரும் சூடாக இருங்கள்.

உனக்குப் போதுமாக இருக்கலாம். எனக்குப் போதவில்லை.

இந்தப் பொட்டலத்தில் இருக்கும் தோல் பட்டை அப்பாவின் இடுப்பு வாரிலிருந்து வெட்டித் தைத்தது. பக்கத்து ஊர் வில் கடையில் ஒரு மனுஷனைப் பார்த்தேன். அவருக்குப் போரில் வலது கை முழங்கையோடு போய்விட்டது. இதேபோல ஒரு பட்டையை நாணில் கட்டி, கடைவாய்ப் பல்லால் கடித்துக்கொள்கிறார். இடது கையால் வில்லை முன்னால் தள்ளுகிறார், வாயைத் திறக்கிறார், அம்பு போகிறது. இருபது தப்படியில் மூன்றும் தட்டுக்குள். உன்னிடம் அவரை விட இரண்டு விரல் அதிகம் இருக்கிறது, அம்பைக் கோக்க அது போதும்.

நானும் கடித்துப் பார்த்தேன். ஒரு பல் ஆடுகிறது. அதனால் நீ அப்பாவின் வில்லில் தொடங்காதே, இருபத்தைந்து பவுண்டில் தொடங்கு. முன்பல்லால் கடிக்காதே. முதல் மாதம் தாடை வலிக்குமாம். வலிக்கட்டும். கொரீனுக்குக் கொஞ்ச நாள் நிம்மதி.

வில்ஹோ அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "பல்லால இழுக்கறது வழக்கமில்லயே சைமா" என்றார். விதியைப் போய்ப் படியுங்கள் என்றேன். அதில் ஆண் என்றும் இல்லை, விரல் என்றும் இல்லை.

பரணை உனக்குத் தரமாட்டேன், அது என்னுடையது. உனக்கு ஓடைப் பக்கம் வேறொரு மரம் பார்த்துவிட்டேன், ஏணி ஏறச் சுலபம். தொழிலாளர் தினத்துக்கு வந்து தட்டில் மூன்று விட வேண்டும், தம்பி என்று சலுகை கிடையாது. தட்டு நான் தருகிறேன். ஆப்பிள் பையும் சுடுகிறேன், உனக்கு மட்டும்.

கேம்ப் சுவரில் என் பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். கீழே உன் பேரை எழுதிவிட்டேன், தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன். முதல் வருஷம் தவறத்தான் செய்யும். வரும்போது பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வா.

அக்கா
சைமா